தோன்றா எழுவாய்

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஐஸ் வண்டிகளின் தண்ணீர் சொட்டி எப்போதும் ஈரமாகவே கிடக்கும் ஒரு திருப்பத்தில், விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும் தேநீர்க் கடை ஒன்று இருக்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துபவனாக முப்பத்தொரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பத்திரிகையை உரக்கப் படிக்கும் காரியம் எப்படியோ என் பங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேட்பவர்களில், வலை பின்னிப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எழுத்து வாசனை அறியாதவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது தெரிந்தும் என்னை 'வாத்தியாரே' என்றுதான் அழைப்பார்.

"இரு பிரிவினரிடையே மோதல், பதற்றம், போலீஸ் குவிப்பு" என்று நான் படிப்பேன். ஊசியையும் நூலையும் விட்டுக் கண்ணை எடுக்காமலே அவர் கேட்பார்: "யாரு யார அடிச்சது?"

பத்திரிகையில் அதற்குப் பதில் இருக்காது. ஆனால் கடையில் இருக்கும். பெஞ்சில் இருக்கும் நாலைந்து பேரில் ஒருவர், தம் கைப்பேசிக்கு இரவில் வந்து சேர்ந்த ஏதோ ஒன்றை வைத்து, அந்த இரு பிரிவினர் யார், எவர் முதலில் கை ஓங்கினார், எதற்காக ஓங்கினார் என்பதையெல்லாம் கண்ணால் கண்டவர்போல் விஸ்தரித்துவிடுவார். பத்திரிகை காலியாக விட்ட இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்வதை இத்தனை கிட்டத்தில், தினந்தோறும், தேநீர்க் கோப்பையின் சூடு ஆறுவதற்குள் பார்த்திருக்கிறேன் என்பதனால்தான் இந்த விஷயத்தைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத உட்கார்ந்தேன்.

தமிழ் வினைச்சொல்லுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. 'வந்தாய்' என்று மட்டும் சொன்னால் போதும். நீ என்ற எழுவாய் வாக்கியத்தில் தோன்றாவிட்டாலும், வினையின் விகுதியிலேயே அது ஒளிந்திருக்கிறது. தோன்றா எழுவாய் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். செய்தவனை எளிதில் மறைக்க முடியாத பாஷை நம்முடையது. அப்படிப்பட்ட பாஷையில் அவனை மறைக்க வேண்டுமானால் வினையின் வாலை அறுத்துவிட்டுத் தொழிற்பெயர் ஆக்கிவிட வேண்டும். பெட்டிக்கடைக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கும் வால்போஸ்டரைப் பாருங்கள்: கல்வீச்சு, தீ வைப்பு, கடையடைப்பு, தடியடி, துப்பாக்கிச் சூடு. வீசியவன் இல்லை, வைத்தவன் இல்லை, அடித்தவன் இல்லை, சுட்டவன் இல்லை. இடம் போதாமைக்காகப் பிறந்த சுருக்கம் இது என்பதை அறிவேன். கொட்டை எழுத்தில் நாலு சொல்லுக்குமேல் அந்தத் தாளில் அடங்காது என்பது, ஆயுள் முழுவதும் எழுத்துக்களை எண்ணிப் பிழைத்த எனக்குத் தெரியாதா? ஆனால் தலைப்பில் தொடங்கிய அந்தப் பழக்கம் கீழே இறங்கி, இடத்துக்குப் பஞ்சமில்லாத செய்தியின் உடலுக்குள்ளும் புகுந்துவிட்டது. கடைகளை எரித்தார்கள் என்பது 'கடைகள் எரிந்தன' என்றாகிறது. கண்ணாடியை உடைத்தார்கள் என்பது 'கண்ணாடிகள் உடைந்தன' என்றாகிறது. பிறவினை தன்வினையாகும் அந்த ஒரு மெய்யெழுத்து மாற்றத்தில், ஒரு மனிதன் செய்த குற்றம் இயற்கையின் உற்பாதமாகிவிடுகிறது. கலவரம் 'வெடிக்கிறது', பதற்றம் 'நிலவுகிறது'. எரிமலைக்கும் நிலவுக்கும் உரிய வினைகள் அவை.

1992-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதை அடுத்து வந்த இரவுகளில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. வெளியூர் நிருபர் ஒருவர் அனுப்பியிருந்த செய்தியின் அச்சுப்படி, ஈரம் காயாத மையுடன் என் மேஜைக்கு வந்தது. 'மூன்று கடைகள் தீக்கிரையாயின' என்றிருந்த வரியின் பக்கத்தில், பிழை திருத்துபவன் செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன்: 'யாரால்?' என்று பென்சிலால் எழுதிவிட்டேன். எழுத்துப் பிழையைத் திருத்துவதுதான் என் வேலையே தவிர, செய்தியைக் கேள்வி கேட்பது அன்று. இரவுப் பொறுப்பில் இருந்த உதவி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபிப்பார் என்று நினைத்துப் போனேன். அவரோ நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "இன்னார் எரித்தார் என்று நாளைக்குக் காலையில் நாம் போட்டால், நாளை ராத்திரி இன்னொரு தெருவில் இன்னாருடைய கடை எரியும். அது உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அவர் நல்லவர், ஜாக்கிரதையும் மனிதாபிமானமும் கலந்தே அதைச் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. வரி அப்படியே அச்சேறிற்று.

அவருடைய கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1966-இல் ஏற்பட்ட பத்திரிகைக் கவுன்சில், மதங்களுக்கு இடையிலான பூசல்களைப் பற்றி எழுதும்போது சமூகங்களின் பெயரைச் சுட்டுவதில் நிதானம் வேண்டும், உணர்ச்சியைக் கிளறும் தலைப்புக்களைத் தவிர்க்க வேண்டும் என்று பலகாலமாக வற்புறுத்தி வந்திருக்கிறது. 1990-ஆம் வருஷத்து இறுதியில் அயோத்தி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிய முறைக்காக, அடுத்த வருஷமே நான்கு இந்தி நாளேடுகளை அது கண்டித்தது. மிகைப்படுத்தி அச்சிட்ட ஒரு சாவு எண்ணிக்கை எத்தனை உயிருக்கு உலை வைக்கும் என்பதைக் கண்ட பிறகு எவரும் அந்த விதியை அலட்சியமாகப் பேச மாட்டார்கள்.

ஆயினும், அந்த இரவுக்குப் பின் பல வருஷம் யோசித்து நான் வந்து சேர்ந்த அபிப்பிராயம் இது: விதி மதத்தின் பெயரைத்தான் மறைக்கச் சொல்லிற்று, நாமோ மனிதனையும் சேர்த்து மறைத்துவிட்டோம். 'யாரால்?' என்ற என் கேள்விக்கு ஒரு மதத்தின் பெயர்தான் பதில் என்று அந்த உதவி ஆசிரியரும் நினைத்தார், நானும் நினைத்தேன். இருவருடைய பிழையும் அங்கேதான் இருந்தது. எரித்தவன் ஒரு கூட்டத்தோடு வந்தவன். அந்தக் கூட்டத்துக்கு ஓர் அமைப்பு உண்டா, தலைவன் உண்டா, எத்தனை பேர், எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டார்கள், போலீசார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பனவெல்லாம் பதில்கள். அவற்றில் எதை எழுதினாலும் ஒரு சமூகம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏறாது. எதையும் எழுதாவிட்டால் நிச்சயமாக ஏறும். ஏற்றுவது எங்கள் தேநீர்க் கடை.

மதத்தின் பெயரைச் சொல்லியே தீர வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை காந்தியடிகள் சுடப்பட்டபோது, சுட்டவன் இந்து என்பதை வானொலி அறிவிப்பிலேயே சேர்த்துச் சொன்னார்கள். பிரிவினையின் ரத்தம் காயாத டில்லியில் அந்த ஒரு சொல் விடுபட்டிருந்தால் அன்று இரவு என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. சொல்லுவதா மறைப்பதா என்பதைவிட, அந்தச் சொல் எந்த வதந்தியின் வாயை அடைக்கிறது, எந்த வதந்திக்கு வாயைத் திறந்துவிடுகிறது என்று பார்ப்பதே பத்திரிகைக்காரரின் விவேகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றுக்கு வருவோம். 1981 பிப்ரவரி 19-ஆம் தேதி, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் தென்காசிப் பக்கம் உள்ள மீனாட்சிபுரத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். நாடே அந்தச் சிறிய கிராமத்தின் பக்கம் திரும்பிற்று. தேசியத் தலைவர்கள் வந்தார்கள், மடாதிபதிகள் வந்தார்கள், நிருபர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எழுதிய ஒரு சொல் 'மதமாற்றம்'. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மாறுதல் என்றாலும் மாற்றம்தான்; மாற்றுதல் என்றாலும் மாற்றம்தான். அவர்களே மாறினார்களா, அல்லது எவரோ மாற்றினார்களா என்பதை இந்தச் சொல் சொல்லுவதே இல்லை. எழுவாய் யார் என்ற முக்கியமான கேள்வி அதன் வயிற்றுக்குள் கரைந்துபோகிறது. கரைந்த இடத்தில் இன்னொரு சொல்லை இட்டு நிரப்பினார்கள்: 'பெட்ரோ டாலர்'. வளைகுடாவிலிருந்து பணம் வந்தது, பணம் மாற்றிற்று என்று வாக்கியம் முடிந்தது. தேநீர்க் கடையில் கிளாஸ் மறுக்கப்பட்டதும், மேல்சாதியார் முன்னே நிமிர்ந்து நடக்க முடியாமல் போனதும், போலீசாரின் கையில் பட்ட பாடும் தங்களை இந்த முடிவுக்குத் தள்ளின என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னவை அந்த வாக்கியத்தில் இடம் பெறவில்லை. பெற்ற இடத்திலும் கீழ்ப் பத்தியில் சிறிய எழுத்தில் பெற்றன. ரஹ்மத் நகர் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த மக்கள் தாங்களே ஒரு முடிவு செய்யக்கூடிய மனிதர்கள் என்பதை ஒப்புக்கொள்ள, 'மாறினார்கள்' என்ற ஒரு சாதாரணத் தன்வினை போதுமானதாக இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வடக்கே வகுப்புவாதம் என்றால் மதப் பகையென்று பொருள். சென்னை ராஜதானியிலோ, வகுப்பு என்றால் சாதி. 1951-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, அதன் விளைவாக அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே பிறந்த, இட ஒதுக்கீட்டுக்கான அந்த வகுப்புவாரி உத்தரவை நினைத்தால் இது விளங்கும். ஆகவே 'வகுப்புக் கலவரம்' என்று தமிழில் எழுதும்போது, சாதியால் விளைந்ததா மதத்தால் விளைந்ததா என்ற பேதமே சில சமயம் மறைந்துபோகிறது. மீனாட்சிபுரத்தில் இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. ஒன்றை மட்டும் எழுதினார்கள்.

அடுத்த வருஷம், 1982 மார்ச் 1-ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் போலீசார் சுட்டதில் ஆறு மீனவர்கள் மாண்டார்கள். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்டு கரையோரம் முழுவதும் பரவிய அந்தத் துயரத்தை விசாரிக்க நீதிபதி வேணுகோபால் தலைமையில் கமிஷன் அமைந்தது. இன்றைக்கும் அதற்குப் பெயர் 'மண்டைக்காடு கலவரம்'. ஊர்தான் அதைச் சுமக்கிறது. பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து அதைப் பற்றி ஒருநாள் கடையில் பேச்சு எழுந்தபோது, துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் பலி என்று நான் சொன்னேன். வலைக்காரப் பெரியவர் தலை தூக்கினார். "செத்தவன் கடலுக்குப் போறவன் வாத்தியாரே" என்றார். இந்துவான அவர், கத்தோலிக்கர்களான அந்த ஆறு பேரை எந்தச் சொல்லால் அடையாளம் கண்டார் பாருங்கள்.

நான் சொன்ன 'பலி' என்ற சொல்லும் அன்றைக்கே என் நெஞ்சில் தைத்தது. தெய்வத்துக்கு இடும் நைவேத்தியத்துக்கும் ஆட்டின் தலைக்கும் உரிய சொல் அது. லாரி மோதினாலும் பலி, வெள்ளம் வந்தாலும் பலி என்று பழகிப்போன நம் பத்திரிகைக்கு அதன் பொருள் இப்போது உறைப்பதில்லை. ஆனால் இரண்டு மதத்தார் பகைத்து நிற்கும் ஊரில், சாமிக்கும் சாமிக்கும் சண்டை என்று ஜனங்கள் ஏற்கெனவே நினைத்திருக்கும் நேரத்தில், 'பலி' என்று எழுதினால் கொலை ஒரு சடங்கின் அங்கமாகிவிடுகிறது. இறந்தார், கொல்லப்பட்டார், சுடப்பட்டு இறந்தார் என்று எழுதத் தமிழில் சொல்லா இல்லை?

1998 பிப்ரவரி 14-ஆம் தேதிக் கோவைக் குண்டுவெடிப்புக்கள் ஐம்பத்தெட்டு உயிர்களைக் கொண்டுபோயின. அல்-உம்மா என்று அமைப்பின் பெயர் சொல்லி எழுதினார்கள், நீதிமன்றம் தண்டித்தது, அது சரி. அதற்கு இரண்டரை மாதத்துக்கு முன், 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து அதே நகரில் பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்ட நாட்களுக்கோ, 'கலவரம்' என்ற பொதுப் பெயரோடு சரி. முதலாவதற்கு எழுவாய் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. கடல் கடந்தும் இதே வழக்குத்தான். 1983-ஆம் வருஷத்து ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டதை 'இனக்கலவரம்' என்று எழுதினால் ஈழத்து நண்பர்கள் மனம் நோகிறார்கள். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று அவர்கள் கேட்பது வெறும் சொற்பூசல் அன்று.

இனி எங்கள் வாசலுக்கு வருகிறேன். 2020 பிப்ரவரி 14-ஆம் தேதி இரவு, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கூடியிருந்தவர்களைப் போலீசார் தடியால் அடித்துக் கலைக்க முயன்றார்கள். போலீசாரிலும் காயம்பட்டவர்கள் இருந்தார்கள். மறுநாள் காலையில் நான் படித்த சொல் 'தள்ளுமுள்ளு'. திருவிழாக் கூட்டத்துக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் சொல்லுகிற சொல். முதுகில் தழும்போடு வந்து நின்ற ஒரு பையனுக்கு அந்தச் செய்தியை வாசித்துக் காட்ட எனக்கு நா எழவில்லை. அதே இரவில், தடியடியில் ஒரு முதியவர் இறந்துவிட்டார் என்ற செய்தி கைப்பேசி கைப்பேசியாகப் பரவிற்று. அவர் நோயுற்று இயற்கையாகவே இறந்தவர் என்று போலீசாரும், பின்பு சட்டமன்றத்தில் முதலமைச்சரும் மறுக்க நேர்ந்தது. அடித்ததை அடித்ததாகவே எழுதியிருந்தால் அந்தப் பொய்க்கு இத்தனை கால் முளைத்திருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்தப் போராட்டம், வண்ணாரப்பேட்டை ஷாஹீன் பாக் என்று பேர் பெற்று, மார்ச் மாத நடுவில் கொரோனா வந்து கலைக்கும் வரையில் நடந்தது.

பிறகு ஏப்ரல். சென்னை மாநகராட்சியின் பதினைந்து மண்டலங்களில் ஐந்தாவதான ராயபுரம், நோய்க் கணக்கில் முதலிடத்துக்கு வந்த மாதம். தெரு முனைகளில் தகரம் அடித்தார்கள். டில்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத்தின் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களிடையே நோய் கண்டது மெய். அதை அரசு அறிவித்ததும் அவசியம். அவர்களைத் தேடிப் பரிசோதித்ததும் அவசியம். ஆனால் நாள்தோறும் மாலையில் வந்த எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டு வந்த சொல் 'டில்லி மாநாடு'. நம் ஊரில் மாநாடு என்றால் என்ன பொருள்? பந்தல், தோரணம், தீர்மானம், கட்சி, பலப்பரீட்சை. தொழுதுவிட்டு மதப் பிரசாரம் கேட்டுத் திரும்பியவர்களை, ஏதோ தீர்மானம் போட்டுவிட்டு வந்தவர்களாக அந்த ஒரு சொல் ஆக்கிற்று. இந்தித் தொலைக்காட்சிகளிலோ, ஊரடங்கில் அகப்பட்ட கோயில் யாத்ரிகர்கள் 'சிக்கிக்கொண்டார்கள்' என்றும், மசூதியில் அகப்பட்டவர்கள் 'ஒளிந்திருந்தார்கள்' என்றும் இரண்டு வினைகள் வழங்கின. ஏப்ரல் முதல் வாரத்தில், நோய்க்கு மதச் சாயம் பூச வேண்டாமென்று முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். உலக சுகாதார நிறுவனமும் நோயாளிகளை மதத்தால் பிரித்துப் பார்க்கலாகாது என்றது. நம் சுகாதாரத் துறை சொல்லை மாற்றி, 'சிங்கிள் சோர்ஸ்' என்று சொல்லத் தொடங்கிற்று. எங்கள் தெருவில் அதற்குள் சின்னப் பிள்ளைக்கும் அதன் பொருள் தெரிந்துவிட்டிருந்தது.

எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் பழம் கொண்டுவரும் பாய் ஒருவர், பதினைந்து வருஷமாக மாலை நாலு மணிக்கு வருபவர், அந்த மாதத்தில் ஒருநாள் தகரத்துக்கு அப்பால் வண்டியை நிறுத்தினார். என் வீட்டு மாடியில் குடியிருந்த அம்மாள், எப்போதும் அவரிடம் ஒரு சீப்பு பூவன் பழம் வாங்குகிறவர், மேலிருந்தபடியே கேட்டார்: "பாய், நீங்க மாநாட்டுக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"மூலக்கொத்தளம் தாண்டியே மூணு வாரம் ஆச்சும்மா" என்றார் அவர்.

அம்மாள் கொடுமைக்காரி அல்ல. பயந்திருந்தார், பயத்துக்கு ஒரு சொல் கிடைத்திருந்தது. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பாய் பழத்தின்மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம் ஜூலை மாதம் வரையில் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியபோது, 'கோயம்பேடு' என்று இடத்தின் பெயரால் மட்டும் எழுதினார்கள். மூட்டை தூக்கியவர்களின் மதம் என்னவென்று எவரும் கேட்கவில்லை, கேட்காததே முறை. ஆகஸ்ட் 21-ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, ஜமாஅத்துக்கு வந்திருந்த அயல்நாட்டாரின்மேல் தொடுத்த வழக்குகளைத் தள்ளி, பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் செய்த பிரசாரத்தையும் குறிப்பிட்டு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொல்லிற்று. அங்கே 'பலி' என்பது தன் உண்மைப் பொருளில் வந்தது. அந்தத் தீர்ப்பை நான் கடையில் இரண்டு தடவை படித்தேன். பாய் அங்கே இல்லை.

2025-ஆம் வருஷத்து டிசம்பரில், கார்த்திகைத் தீபத்தின்போது, திருப்பரங்குன்றம் மலை பத்திரிகைகளை நிறைத்தது. தர்கா இருக்கும் உச்சியும் நெல்லித்தோப்பும் படிக்கட்டும் நீங்கலாக மலை கோயிலுக்குரியது என்று 1931-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கும் அந்த மலையில், தீபம் ஏற்றச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்ட இடத்தில் நிற்பது என்ன என்பதே அப்போதைய வழக்கு. ஒரு சாரார் தீபத்தூண் என்கிறார்கள். மற்றொரு சாரார் நில அளவைக் கல் என்கிறார்கள். என் கையில் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. ஒன்று தூண் என்று தொடங்கிற்று, மற்றொன்று கல் என்று தொடங்கிற்று. எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்களோ அந்தச் சொல்லுக்கு ஏற்ற முடிவுக்கே இரண்டும் போய்ச் சேர்ந்தன. இரண்டையும் படித்தேன்.

பெரியவர் நூலை முடிச்சிட்டுப் பல்லால் கடித்தார். "தூணுன்றான் ஒருத்தன், கல்லுன்றான் ஒருத்தன். சரி வாத்தியாரே, மேல ஏறிப் போயி பாத்துனு வந்து எழுதினது யாரு?"

திரும்பவும் முதல் வரியிலிருந்து தேடினேன். வக்கீல்கள் சொன்னது இருந்தது. கட்சிக்காரர்கள் சொன்னது இருந்தது. 'என்று கூறப்படுகிறது' என்பது மூன்று இடத்தில் இருந்தது. அந்தக் கல்லின் உயரம் எத்தனை அடி, அதன் தலையில் எண்ணெய் ஊற்றக் குழி உண்டா, அடியில் எழுத்து ஏதாவது வெட்டியிருக்கிறதா என்பது இல்லை. அதைச் சொன்னேன். அவர் ஊசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, என் தேநீருக்கும் சேர்த்துக் காசை வைத்துவிட்டுத் துறைமுகத்தின் பக்கம் நடந்தார்.